ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கட்டிலை விட்டு இறங்கிய ஜெசிந்தா, முந்தின நாள்தான் முட்டி போட்டு உட்கார்ந்து பினாயில் போட்டுத் துடைத்த தரையில் தன் காலடி கன்னங்கரேலென்று பதிவதைக் கண்டு, இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் எந்தக் கறுப்புக்கும் காரணமான ஆள் எவரோ அவரை, அதாவது ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் தன் புருஷன் செபஸ்தியானை, எழுப்பாமலே திட்டத் தொடங்கினாள்.

"கிரீஸ் காலோட கட்டில்ல ஏறாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நான் என்ன மனுஷியா, உங்க பட்டறைல கழிச்சுப் போட்ட துணியா?"

பதில் சொன்னால் அன்றைய நாள் போய்விடும் என்று தெரிந்த செபஸ்தியான் பேசாமல் எழுந்து பாத்ரூமுக்கு நடந்தார், அவர் நடந்த வழியெல்லாம் செம்மண், ஒன்பது வயதில் அவர் விட்டுவிட்டு வந்த மணப்பாறைப் பக்கத்துச் செம்மண், பொடிச் சரளையும் ஒரு காய்ந்த வேலமுள்ளும் சேர்ந்த அசல் சரக்கு. மகள் கிளாரா, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், திருச்சியிலேயே பிறந்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தாள். அவள் காலிலிருந்து காவிரி மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

வெளியே லூக்காஸ் காம்பவுண்டில், ஆறுக்கு ஆறு என்று எதிரெதிராக நிற்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பொதுக்குழாயடியில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மங்கையர்க்கரசிக்குப் புதுக்கோட்டைச் சரளை. மெத்தைக் கடை பாஷா பாய்க்குக் கீழக்கரைக் கடல் மணல், நடுவில் ஒரு சிப்பி. கழுவினார்கள், தேய்த்தார்கள், தேங்காய் நாரால் சுரண்டினார்கள், துடைத்துவிட்டுப் பத்து அடி நடந்தால் மண் திரும்ப வந்தது. அவரவர் பிறந்த ஊர் அவரவர் காலுக்கு வந்திருக்கிறது என்பது ஆறரை மணிக்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது, விளங்கியதும் அவரவர் காபி போடப் போனார்கள், மண் வந்தால் என்ன, பட்டறைச் சங்கு ஏழு மணிக்கு ஊதத்தானே போகிறது.

டிவிக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள், மூன்றாம் தடவை வரவில்லை. அதிகாரி ஒருவர் பிளாஸ்டிக் கவரில் மண்ணை அள்ளிப் பெயர் எழுதிக் கொண்டுபோனார், ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாக் கவரிலும் தன் காலில் இருந்த விருத்தாசலத்து மண்ணே இருந்ததாகச் சொல்லி அந்த வேலையை விட்டுவிட்டார். கரூர்க்காரர்கள் சிரித்தார்கள், மறுநாள் அவர்களுக்கும் வந்தது. பள்ளிக்கூடங்கள் ஒரு நாள் லீவு விட்டுவிட்டு, மிதியடியை இரட்டிப்பாக்கித் திறந்துகொண்டன. பஸ் கண்டக்டர்கள் படிக்கட்டில் துடைப்பம் வைத்தார்கள். எல்லாம் சரி, தரையை யார் துடைப்பது என்று மட்டும் எந்த டிவியிலும் எந்த மகானும் கேட்கவில்லை.

ஆனால் தரை வேறொரு வேலையும் செய்ய ஆரம்பித்திருந்தது. நம் ஆட்களுக்கு 'எந்த ஊரு' என்பது கேள்வி இல்லை, கொக்கி. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பார்கள், மேற்குப் பக்கம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உனக்குக் காபியை எவர்சில்வர் டம்ளரில் தருவதா பேப்பர் கப்பில் தருவதா என்று முடிவாகியிருக்கும். இப்போது கேட்கவே வேண்டாம், வந்தவர் போன பின் தரையைப் பார்த்தால் போதும். கொடைக்கானலில் தாத்தாவுக்கு எஸ்டேட் இருந்தது என்று இருபது வருஷமாகச் சொல்லி வாடகையை ஏற்றிக்கொண்டிருந்த காம்பவுண்டுச் சொந்தக்காரர் லூக்காஸின் காலில் உப்பளத்துச் சேறு ஒட்டியிருந்தது.

"ஏன் சார், எஸ்டேட்டுல தேயிலையா, உப்பா?" என்றாள் மங்கையர்க்கரசி, குழாயடியில், எல்லாரும் கேட்க.

ஜெசிந்தா மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டாள். ரயில்வேயில் கொடுத்த, செபஸ்தியானின் கனத்த காக்கி சாக்ஸ், இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்று. சித்திரை வெயில் பங்குனியிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட திருச்சியில், வீட்டுக்குள், அடுப்படியில், குழாயடியில் சாக்ஸ்.

"கான்வென்ட்டுல படிச்சவங்கன்னா சும்மாவா," என்றாள் மங்கையர்க்கரசி. "ஷூவும் டையும் எங்க, அக்கா?"

"உங்க வாய்க்குத்தான் போடணும் ஒரு சாக்ஸ்," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாய் எப்போதும் போலத்தான் இருந்தது, ஆனால் வந்ததும் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் ஜெசிந்தாவுக்கு ஊர் கிடையாது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, கன்னியர் மடத்து வாசலில், மழைக்குப் போடும் கோணிச்சாக்கின் மேல் அவள் கிடந்தாள், அன்று புனித ஜெசிந்தா திருநாளென்று அந்தப் பெயரை வைத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு, தாய் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு, ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு என்று மூன்று கோடு போட்டு, இங்கிலீஷும் தையலும் முட்டி போட்டுத் தரை துடைக்கவும் கற்றுக்கொடுத்து சிஸ்டர்கள் அவளை வளர்த்தார்கள். செபஸ்தியானுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஜெசிந்தா ஒரு பொய்யைச் செய்து வைத்திருந்தாள், அது நல்ல உறுதியான பொய்: "எங்க ஊரு டேமுக்குள்ள போயிருச்சுங்க." கேட்டவர்கள் உச்சுக்கொட்டி, அதற்கு மேல் கேட்பது பாவமென்று விட்டுவிடுவார்கள். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கிளாரா கேட்டுக் கேட்டு அந்த ஊர் வளர்ந்துவிட்டது. அதற்கு ஒரு கோயில் வந்தது, கோயிலுக்கு மணி வந்தது, கோடையில் தண்ணீர் இறங்கினால் அந்த மணி உள்ளுக்குள்ளேயே அடிக்கும் என்று ஆயிற்று, மணிச் சத்தத்துக்கு மீன்கள் வரிசையாகப் பூசைக்குப் போகும் என்றும் ஆயிற்று.

இப்போது காலில் அணையும் இல்லை, வண்டலும் இல்லை. கரி. சாம்பல். தெருவில் யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள் என்று ஜெசிந்தாவுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை: சுடுகாட்டுச் சாம்பல். சுடுகாட்டில் பிறந்தவள்.

முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டிரம்முக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே நின்று சாக்ஸைக் கழற்றினாள். அறை இருட்டு, கால் வைத்த இடம் இருட்டு இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வானம் தெரியுமே, அது போல அவள் காலடிக் கறுப்பு ஆழமாகிக்கொண்டே போனது, அந்த ஆழத்தில் கடுகைவிடச் சின்ன வெளிச்சங்கள் ஆயிரம், பத்தாயிரம், மாவு சலிக்கும்போது தூசி சுற்றுவது போல, ஆனால் அதைவிட மெதுவாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. குழாயில் தண்ணீர் நின்றுவிடும், குக்கரில் விசில் வந்துவிடும் என்று வாழ்நாள் முழுக்க ஓடியவள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தரை துடைக்க முட்டி போடுவாள், ஜெபத்துக்கு முட்டி போடுவாள், இது எதற்கென்று தெரியாமலே முட்டி போட்டாள். பிறகு சுயபுத்தி வந்து, துடைப்பத்தை எடுத்து அதை முறத்தில் தள்ளினாள். ஒரு தேக்கரண்டி அளவுதான் இருந்தது. முறத்தைத் தூக்கினாள், முறம் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், முறத்தின் விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது.

"போ சனியனே," என்று சொல்லி அதன் மேல் அரிசி டிரம்மை நகர்த்தி வைத்துவிட்டு, சாக்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

இதற்கு நடுவில்தான் அமலோற்பவம் டீச்சர் வந்தார். லால்குடிக்காரர், முப்பத்தாறு வருஷம் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆனவர், அவருடைய மகன் டெரன்ஸ் மாட்டு டாக்டர். டெரன்ஸும் கிளாராவும் ஒருவரை ஒருவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள், டீச்சர் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெசிந்தா அப்போதுதான் துடைத்திருந்த தரையில் லால்குடி வண்டலை அழுத்தமாகப் பதித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எட்டுத் தலைமுறையா லால்குடி நாங்க," என்றார். "நீங்க எந்த ஊரும்மா?"

"மேட்டூருக்கு அந்தப் பக்கம் டீச்சர். இப்ப ஊரே இல்ல. டேமுக்குள்ள போயிருச்சு."

இந்த இடத்தில் உலகம் உச்சுக்கொட்டும். டீச்சர் கொட்டவில்லை.

"மேட்டூர் அணை முப்பத்தி நாலுலயே கட்டி முடிச்சாச்சே. உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"அப்ப தண்ணிக்குள்ளயா பொறந்தீங்க?"

செபஸ்தியானுக்கு முறுக்கு புரையேறியது. "ஊர மேட்டுக்கு மாத்திக் குடுத்தாங்க டீச்சர்," என்றார் இருமலுக்கு நடுவே.

"அப்ப மேட்டு மண்ணு இருக்கணும். சாக்ஸைக் கழட்டுங்க, பாத்துருவோம்."

"சேத்துப்புண்ணு டீச்சர்," என்றாள் ஜெசிந்தா.

"அம்மாவுக்குத் தண்ணியிலயே நிக்குற வேலை," என்றாள் கிளாரா வெகுளியாக. "எங்கம்மா ஊருல தண்ணிக்கு அடியில மணி அடிக்கும் டீச்சர், தெரியுமா?"

டீச்சர் கிளாராவைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் பிள்ளையைப் பிடித்திருந்தது தெரிந்தது. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார், அதில் சிரிப்பு இல்லை.

"ஈஸ்டருக்குள்ள சொல்லிருங்க. பொண்ணு தங்கம், எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மண்ணு தெரியாத வீட்டுல நான் கொடுக்கல் வாங்கல் வச்சுக்க மாட்டேன்."

அவர் போன பிறகு அந்த எட்டுத் தலைமுறையையும் ஜெசிந்தா ஈரத்துணியால் துடைத்து வாளியில் பிழிந்தாள்.

மூன்றாம் வாரத்தில் மண் காலத்தில் பின்னால் போக ஆரம்பித்தது. ஒரு காலையில் மங்கையர்க்கரசி காலில் புதுக்கோட்டை இல்லை, தாத்தாவின் தாத்தா எங்கிருந்தோ கிளம்பி வந்த ஓர் ஆற்றங்கரைக் களிமண் இருந்தது. சாக்கடை விஷயமாகப் பதினோரு வருஷம் அவளோடு பேசாத லூக்காஸின் காலிலும் அதே களிமண், அதே நிறம், அதே நாணல் வேர். இரண்டு பேரும் குழாயடியில் ஒருவர் காலை ஒருவர் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டார்கள். பாஷா பாயின் காலில் பேரீச்சங்கொட்டை வந்தது, இரண்டு நாளில் அதுவும் போய் அவரும் அந்தக் களிமண்ணுக்கே வந்துசேர்ந்தார். எட்டுத் தலைமுறை லால்குடியான அமலோற்பவம் டீச்சர் ஒன்பதாம் தலைமுறையில் கடற்கரைக்குப் போய்விட்டார், காலில் சுறா முள் குத்திக் கட்டுப் போட்டிருப்பதாக டெரன்ஸ் ஃபோனில் கிளாராவிடம் சொல்லிச் சிரித்தான். டீச்சர் பழைய பூகோளப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினாராம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, நோட்டும் பூதக்கண்ணாடியுமாக லூக்காஸ் காம்பவுண்டில் வந்து இறங்கி, வீடு வீடாகக் காலைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். சம்பந்தம் பேச வந்தவர் போல இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல இருந்தார்.

நான்காம் வாரம் எல்லார் காலிலும் ஒரே மண் வந்தது. துருப்பிடித்த சிவப்பு, நெருப்பு வாடை, நடுவில் தீயில் சுட்ட ஓட்டுத்துண்டு, ஏதோ ஒரு பெரிய பறவையின் முட்டை ஓடு.

"இது இந்தியாவுலயே கிடையாது," என்றார் டீச்சர், காம்பவுண்டு நடுவில் நின்றுகொண்டு. "ஆப்பிரிக்கா. எல்லாரும் அங்கேருந்து நடந்து வந்திருக்கோம்."

"நடந்தா?" என்றார் பாஷா பாய். "அதான் எனக்கு முட்டி இப்படி வலிக்குது."

அதற்கப்புறம் மண் ஓடத் தொடங்கியது. காட்டு மண் வந்தது, அதில் மனிதக் கால் தடத்தோடு சேர்ந்து விரலூன்றிய கைத் தடமும் விழுந்தது, காம்பவுண்டுக் குழந்தைகளெல்லாம் ஒரு வாரம் நாலு காலில் திரிந்தன. சதுப்புச் சேறு வந்தது. பிறகு பாசி, பிறகு உப்பு, பிறகு மீன் செதில். மீன் வாடை பட்டாலே குமட்டும் சைவக்காரி மங்கையர்க்கரசி, தன் பாதத்தில் வெள்ளிக்காசு மாதிரி மின்னிய செதிலைப் பிய்த்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள், தூக்கி எறியப் போனவள் எறியாமல் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நம்மளுதுதான," என்றாள், யாரும் கேட்காமலே.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்தபோது கடலும் வடிந்துவிட்டது. எல்லார் காலிலும் வெறும் கல்மணல், இன்னும் சூடு ஆறாத கல்மணல், பிறந்த குழந்தையின் உச்சியைத் தொட்டால் இருக்குமே அவ்வளவு சூடு. தெருவில் சண்டை குறைந்திருந்தது. பேசினால் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். ஜெசிந்தாவின் சாக்ஸுக்குள் மட்டும் முதல் நாள் வந்தது எதுவோ அதுவே இருந்தது, ஒரு மணி குறையவில்லை, ஒரு மணி மாறவில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம் கோயிலில் பன்னிரண்டு பேருக்குப் பங்குச்சாமியார் பாதம் கழுவுவது வழக்கம். சாமி கழுவப்போகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு போய் நீட்டுவது அந்தப் பங்கின் அதைவிடப் பழைய வழக்கம். அழுக்குக் காலைச் சாமிக்குக் காட்டலாமா என்பார்கள். இந்த வருஷம் அந்தப் பாச்சா பலிக்காதென்பதால், பங்குச்சாமி தனிஸ்லாஸ் நேராக லூக்காஸ் காம்பவுண்டுக்கு வந்து, பன்னிரண்டு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு ஜோடிக் கால், எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, என்று சொல்லிவிட்டார்.

"அதுக்கென்ன சாமி," என்றார் பாஷா பாய். "நாங்க தினம் அஞ்சு வேளை கழுவுறவங்க. ஆறாவதா உங்க கணக்குல ஒண்ணு இருக்கட்டும்."

தனக்குப் பதில் செபஸ்தியானைத் தள்ளிவிடலாமென்று ஜெசிந்தா இருந்தாள், அவருக்கு இரண்டாம் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். ஆகவே பீடத்துக்கு முன்னால் போட்ட பன்னிரண்டு நாற்காலியில் பன்னிரண்டாவதில், காக்கி சாக்ஸோடு அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் பெஞ்சில் அமலோற்பவம் டீச்சர், மடியில் நோட்டு. பாட்டுக்காரர்கள் பக்கத்தில் கிளாரா. சாமி ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார், நாலு நாளில் இன்னும் சூடேறியிருந்த கல்மணல் தண்ணீரில் சுர்ரென்றது, ஆவி எழுந்தது. ஏதாவது சொல்லி எழுந்து போய்விட வேண்டியதுதான், மயக்கம் என்று சொல்லலாம், இந்தப் புழுக்கத்தில் யாரும் நம்புவார்கள் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சாமி அவள் முன்னால் வந்து முட்டி போட்டார். அங்கி இடுப்பு வரை சேறு. தோளில் இருந்த துண்டு பிழியாத மாப்பு போல ஒழுகிக்கொண்டிருந்தது. வயசான மனிதர், மூச்சு வாங்கினார்.

"சாக்ஸோடவே கழுவட்டுமாம்மா?" என்றார் ரகசியமாக. "முதுகு விட்டுப்போச்சு."

முட்டி போடுகிறவர்களுக்கு முட்டியில் காய்ப்பு இருக்கும். ஜெசிந்தாவுக்கு இருந்தது, சிஸ்டர்களுக்கு இருந்தது. அவள் தன் ஐம்பத்திரண்டு வருஷத்தில் யார் யார் காலடியையோ துடைத்திருக்கிறாள், அவள் காலடிக்காக ஒருத்தர் கையில் துணியோடு முட்டி போட்டது இதுதான் முதல் தடவை. அந்த மனிதரிடம் பொய்க் காலை நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை. "இருங்க சாமி," என்று குனிந்து நான்கு சாக்ஸையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் போட்டாள்.

தண்ணீர் பட்டதும் சுர்ரென்னவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றது, அதன் கறுப்பு ஆழமாகிக்கொண்டே போனது, உள்ளே வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக ஏறின. சாமியின் முகத்துக்குக் கீழிருந்து ஒளி அடித்தது. பாட்டு நின்றது. பாதத்துக்கு அடியில் இருந்த தட்டை நகர்த்த வந்த கோயில் உபதேசியாரும் லூக்காஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள், அது கோயிலின் அஸ்திவாரத்தோடு சேர்ந்தது போல நின்றது.

"சுடுகாட்டுச் சாம்பல்," என்று பின்னால் ஒரு குரல் சொன்னது.

அமலோற்பவம் டீச்சர் எழுந்து வந்துவிட்டார். பூசை நடுவில் பீடத்துக்கு வரக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இல்லை. "இது எந்த ஊரு மண்ணும்மா?"

"தெரியாது டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. குரல் கணீரென்று வந்தது, கான்வென்ட்டில் வாசகம் வாசிக்கப் பழக்கிய குரல். "மேட்டூரும் இல்ல, டேமும் இல்ல. மடத்து வாசல்ல கோணிச்சாக்குல கிடந்தேன். ரெஜிஸ்தர்ல ஊருன்னு இருக்கற எடத்துல ஒரு கோடு போட்டிருக்கு. மொத நாள்லேருந்து என் கால்ல இதுதான். எழுதிக்குங்க."

டீச்சர் எழுதவில்லை. பூதக்கண்ணாடியைத் தண்ணீருக்கு மேல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு நடுவழியாக நடந்து கோயிலை விட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது கிளாரா பாதி தூரம் அம்மாவுக்கு ஓரடி பின்னாலேயே வந்தாள்.

"அப்ப மணி?" என்றாள் பிறகு.

"நான் செஞ்சதுதான்டி."

"மீனு பூசைக்குப் போனது?"

"அதுவும்."

கிளாரா அழுதாள். மடத்து வாசலுக்காக இல்லை. "எனக்கு அந்த ஊருன்னா அவ்ளோ பிடிக்கும்மா. ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கால் வலிக்குதா?" என்று கேட்டாள். அம்மாவின் சாக்ஸ்கள் அவள் கையில் இருந்தன, அவற்றை எப்போது எடுத்தாள் என்று ஜெசிந்தா கவனிக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று எல்லார் காலும் சுத்தமாக இருந்தது. மண் இல்லை, மணல் இல்லை, கழுவின தட்டு மாதிரி வெறும் கால். கோயில் மணி அடிக்காத, மரக்கட்டை மட்டும் தட்டுகிற அந்த இரண்டு நாளும் தெருவெல்லாம் வீடு கழுவினார்கள், மிதியடியை உதறி மடித்தார்கள், விட்டது பீடை என்றார்கள். ஜெசிந்தாவுக்கு மட்டும் விடவில்லை. அவள் வெறுங்காலோடு குழாயடிக்குப் போய் வந்தாள், போன வழியில் கறுப்பு அடி வரிசையாகக் கிடந்தது, அதை மிதிக்காமல் எல்லாரும் சுற்றிப் போனார்கள். மங்கையர்க்கரசி சண்டைக்குக்கூட வரவில்லை, அதுதான் ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. டெரன்ஸின் ஃபோனும் வரவில்லை. கிளாரா ஃபோனை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காதது போல நடமாடினாள்.

ஈஸ்டர் காலை ஜெசிந்தா எழுந்து வாசலைத் திறந்தபோது காம்பவுண்டு முழுக்க ஒரு சத்தம் இல்லை. பதினொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை, இரண்டு காலையும் ஊன்றி, கீழே பார்த்தபடி நின்றார்கள். மங்கையர்க்கரசியின் வாசலிலிருந்து குழாயடி வரை கறுப்பு அடி. குழாயடியிலிருந்து பாஷா பாய் வீடு வரை கறுப்பு அடி. லூக்காஸின் பேத்தி, நடக்கக் கற்று பத்து நாளான குழந்தை, தத்தித் தத்தி வைத்த ஒவ்வொரு அடியிலும் வானம் திறந்து திறந்து மூடியது. விடிந்த வெளிச்சத்திலும் அந்தப் பொடி வெளிச்சங்கள் மங்கவில்லை, தரைக்குக் கீழே எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழமும் மினுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஜெசிந்தாக்கா," என்றாள் மங்கையர்க்கரசி. "கீழ விழுந்துருவோமா?"

"நான் நாப்பது நாளா விழல," என்றாள் ஜெசிந்தா. "பயப்படாம நடங்க."

வாசலில் ஆட்டோ நின்றது. அமலோற்பவம் டீச்சர் செருப்பில்லாமல் இறங்கினார், பின்னால் டெரன்ஸ். டீச்சர் ஜெசிந்தாவின் வீட்டுப் படியேறி, முந்தின நாள் துடைத்துப் பளபளத்த தரையில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், பதிந்ததைக் காட்டினார். பக்கத்தில் ஜெசிந்தாவின் அடி இருந்தது. இரண்டிலும் ஒரே கறுப்பு, ஒரே மினுக்கம்.

"நாங்கல்லாம் நாப்பது நாளா நடந்து இப்பத்தான் வந்து சேர்றோம்," என்றார் டீச்சர். "நீங்க மொத நாளே வந்து உக்காந்திருக்கீங்க."

"இது என்ன மண்ணு டீச்சர்?"

"எனக்குப் பூமியப் பத்தி மட்டுந்தாம்மா தெரியும்." டீச்சர் நோட்டைத் திறந்து காட்டினார், கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. "இது பூமிக்கு முன்னாடி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய அதட்டலைத் தேடி எடுத்துக்கொண்டு, "வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவீங்களா? காபி கிடையாதா இந்த வீட்டுல?" என்றார்.

தரையை மிதித்து அழுக்காக்கினால் கர்த்தரையே வாசலில் நிறுத்துகிற ஜெசிந்தா, "உள்ள வாங்க, அப்படியே வாங்க," என்றாள்.

ஈஸ்டர் திங்களன்று மண் நின்றது, அதற்கப்புறம் வரவில்லை. சாமான் அறையில் அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு தேக்கரண்டி மட்டும் இன்னும் இருக்கிறது, அந்த டிரம்மை யாராலும் நகர்த்த முடியவில்லை.

கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலைக்கு எழுதிக் கொடுக்கும்போது செபஸ்தியான், "திருச்சின்னு போட்டுரேன், யாரு கேக்கப் போறா?" என்றார். ஜெசிந்தா ஸ்கேலை வைத்து, பேனாவை அழுத்தி, ஊர் என்ற இடத்தில் நேராக ஒரு கோடு போட்டாள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அதில் முதல் ஞாயிறு, பூசை முடிந்து, மத்தியானக் குழம்புக்குப் புளி ஊறப்போட்டுவிட்டு வந்த பெண்களெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், தனிஸ்லாஸ் சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்: "மணமகன், லால்குடி ஊரைச் சேர்ந்த அமலோற்பவத்தின் மகன் டெரன்ஸ். மணமகள், மணப்பாறை ஊரைச் சேர்ந்த செபஸ்தியானுக்கும்..."

அங்கே கோட்டுக்கு வந்தார். கோட்டை எப்படி வாசிப்பதென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனசில்லை. ஆகவே அந்தக் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் சாமி பேசாமல் நின்றார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதல் பெஞ்சில் அமலோற்பவம் டீச்சர் தன் காலைக் குனிந்து பார்த்தார், அவரைப் பார்த்து மங்கையர்க்கரசி பார்த்தாள், பாஷா பாய் வாசல் பக்கம் நின்று பார்த்தார், கோயில் முழுக்க எல்லாரும் அவரவர் வெறுங்காலை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள்.

வீட்டில் பால் அடுப்பில் இருந்தது. இருக்கட்டும் என்று ஜெசிந்தாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...ஊரைச் சேர்ந்த ஜெசிந்தாவுக்கும் பிறந்த மகள் கிளாரா," என்றார் சாமி.